நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் தேடுகிறீர்களா? சென்னைப் புறநகரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கணவன் மனைவி இரண்டு பேருமே வேலைக்குப் போகிற வீடுகளில் நாய் பகல் முழுக்க பால்கனியில் கிடக்கிறது. ஆள் வைத்தாவது அதை வெளியே கூட்டிப்போங்கள். ஆனால் அந்த ஆளைப் பார்த்து எடுங்கள். கயிற்றின் அந்த முனையில் யார் இருக்கிறார் என்பதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

மொட்டை மாடியில் விட்டால் போதாதா?

போதாது. மாடியில் சிறுநீர், மலம் கழித்துவிடும், அவ்வளவுதான். நாய்க்குத் தேவை மோப்பம். நேற்று இந்த வழியாக எந்த நாய் போனது, எந்த வீட்டில் மீன் கழுவினார்கள், பூனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று முகர்ந்து முகர்ந்து பார்ப்பதில்தான் அதன் மூளைக்கு வேலை. அரை மணி நேரம் முகர விட்டு மெதுவாக நடத்தினால், வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கும். செருப்பைக் கடிப்பது, காலிங் பெல் அடித்தால் ஓயாமல் குரைப்பது போன்ற தொல்லைகளில் பாதி, வெளியே போகாத நாயின் தொல்லைதான்.

குட்டியாக இருந்தால் மட்டும் பொறுங்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டிக்கான தடுப்பூசி வரிசை, அதாவது ஏறக்குறைய 16 வார வயது, முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். சத்தங்களும் மனிதர்களும் பழகட்டும்.

சரி, ஆள் எங்கே கிடைப்பார்?

முதலில் உங்கள் கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் கேளுங்கள். டாக்டரிடம் கேட்பதைவிட அங்கே நாயைப் பிடித்துக்கொள்கிற உதவியாளரிடம் கேட்பது நல்லது. எந்தப் பையன் யார் வீட்டு நாயைக் கூட்டி வருகிறான், அவனிடம் அந்த நாய் எப்படி இருக்கிறது என்பதை அவர்தான் தினமும் பார்க்கிறார். அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழு. அதிகாலையில் தெருவில் நாய் நடத்துகிறவர்களை நேரிலேயே நிறுத்திக் கேட்பதும் நல்ல வழி. அவர் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்கிறீர்கள் அல்லவா, அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

செயலி வழியாக ஆள் அனுப்புகிற நிறுவனங்களும் உண்டு. அதில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: தினமும் அதே ஆள் வருவாரா? வாரத்துக்கு ஒரு புதுமுகம் வந்தால் நாய் யாரிடமும் ஒட்டாது, ஒட்டாத நாய் மிரண்டால் கட்டுப்படாது.

வாட்ச்மேனிடமோ, வேலைக்கு வரும் அக்காவின் பையனிடமோ சொல்லிவிடலாமா?

வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு அரை மணி நேரம் போக முடியாது. போனால் அசோசியேஷனில் அவருக்குத்தான் பேச்சு விழும். பதின்ம வயதுப் பையன்களிடம் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய நாயைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். முப்பது கிலோ நாய் பூனையைப் பார்த்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் பெரியவர்களே தடுமாறுவார்கள். தம்பிக்கு நாய் என்றால் உயிர், அது உண்மைதான். ஆனால் வேளச்சேரி மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவில் அவனை நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

முதல் சந்திப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

அவர் உள்ளே வந்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நேராக வந்து நாயின் தலையில் கை வைக்கிறவர் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியவர். விவரம் தெரிந்தவர் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொள்வார் அல்லது கீழே உட்கார்ந்துவிடுவார். கையைத் தொங்கவிட்டுவிட்டு, நாய் முகர்ந்து முடிக்கும்வரை உங்களோடு பேசிக்கொண்டிருப்பார். நாய் தானாக வந்து அவர் காலில் சாய்ந்தால் பாதி வேலை முடிந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போனால் அவசரப்படாதீர்கள், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை: நான்கு தெருநாய்கள் சுற்றிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை நாய் கூட்டிப் போவீர்கள்? எங்கள் நாயை முடித்துவிட்டு அடுத்து எங்கே போக வேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். ஏழு மணிக்குள் ஆறு வீடு முடிக்க வேண்டியவர் உங்கள் நாயை இழுத்துக்கொண்டுதான் ஓடுவார். ஒரே கையில் நான்கைந்து கயிறு பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கத் திறமையாகத் தெரியும், ஒரு நாய் மிரண்டால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டும் ஏற்கெனவே பழகியவையாக இருக்கட்டும்.

ஆதார் நகல், வீட்டு முகவரி, ஏற்கெனவே வேலை செய்த ஒரு வீட்டின் எண் ஆகியவற்றை வாங்கி வைப்பதில் கூச்சம் வேண்டாம். நீங்களும் உங்கள் பக்கத்தை மறைக்காதீர்கள். நாய் யாரையாவது கடித்திருக்கிறதா, சாப்பாட்டில் கை வைத்தால் உறுமுமா, எந்தக் காலைத் தொட்டால் வலிக்கும், எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதை மறைத்துவிட்டு ஒருவர் கையில் நாயைக் கொடுப்பது அநியாயம்.

முதல் ஒரு வாரமாவது கூடவே நடந்து போங்கள். முதலில் கயிறு உங்கள் கையில், பிறகு அவர் கையில், அப்புறம் நீங்கள் பத்தடி பின்னால். நாய் திரும்பித் திரும்பி உங்களைத் தேடாமல் அவரோடு நடந்தால் தனியாக அனுப்பலாம்.

சம்பளம் எவ்வளவு பேசுவது?

ஏரியாவுக்கு ஏரியா மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். அரை மணி நேர நடை என்றால் அவர் வந்து போகிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம். உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறார்களோ, அதற்குக் குறையாமல் இருக்கட்டும். மாதத்துக்கு நான்கு நாள் விடுப்பு, தீபாவளிக்கு போனஸ், நீங்கள் ஊருக்குப் போன நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் உண்டா இல்லையா, இதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பதே முறை. அவர் அந்த நேரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. தினமும் நாய்களோடு புழங்குகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டையா, ஹார்னஸா?

நாயைப் பொறுத்தது. பக், ஷிட்ஸு மாதிரி முகம் சப்பையான நாய்களுக்கு மூச்சுவிடுவதே சிரமம், கழுத்தில் பட்டை போட்டு இழுக்கக் கூடாது, நெஞ்சையும் தோளையும் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ்தான். சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். சாதாரண பட்டையைப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு பட்டாசு வெடித்தால் போதும், தலையைக் குனிந்து ரிவர்ஸில் இழுத்து உருவிக்கொண்டு பறந்துவிடும். அவற்றின் வேகத்துக்கு நீங்கள் பைக்கில் போனாலும் பிடிக்க முடியாது. இழுத்தால் சற்று இறுகி, விட்டால் தளர்கிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள், அகலமானதாக. ராஜபாளையம் இன நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால் பிடிவாதம் என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாயை நடத்துகிற வாக்கரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் ஹாரன் அடித்தாலும் அது ஒதுங்காது.

கயிறு ஐந்து ஆறு அடி போதும். பட்டனை அழுத்தினால் நீளுகிற கயிறு நம் தெருக்களுக்கு ஆகாது. பைக்கில் உட்கார்ந்துகொண்டு நாயைப் பக்கத்தில் ஓட விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உங்கள் வாக்கர் அப்படிச் செய்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

உரிமம், மைக்ரோசிப், வாய்மூடி: இதெல்லாம் கட்டாயமா?

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் கட்டாயம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகுதான் உரிமம் என்ற பேச்சே பலர் காதில் விழுந்தது. 2025-ல் நாயின் தோலுக்கு அடியில் வைக்கிற மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புது உரிமம் கொடுப்பதையும் மாநகராட்சி நிறுத்தியது. ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது.

பலரும் குழம்புவது எல்லையில். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் சென்னை மாநகராட்சி. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. சொத்து வரி ரசீதில் எந்த மாநகராட்சியின் பெயர் இருக்கிறதோ, அங்கே விண்ணப்பியுங்கள்.

பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் இருக்க வேண்டும் என்பது சென்னை மாநகராட்சியின் நிபந்தனை. வாய்மூடி வாங்கும்போது துணியில் குழாய் மாதிரி வாயை இறுக்கிக் கட்டுகிறதை வாங்காதீர்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வாயைக் கட்டிவிட்டு நம் ஊர் வெயிலில் நடத்தினால் ஆபத்து. கூடை போன்ற வாய்மூடி போட்டால் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வீட்டில் ஒரு வாரம் அதற்குள் பிஸ்கட் வைத்துப் பழக்கிவிட்டு வெளியே போடுங்கள்.

உங்கள் அலட்சியத்தால் நாய் ஒருவரைக் காயப்படுத்தினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். வாக்கர் கையில் கயிறு இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என எண்ண வேண்டாம். நாய் உங்களுடையது.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால்?

எல்லோருக்கும் இதுதான் பெரிய பயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெருநாய்களுக்கு எல்லை உண்டு. டீக்கடை முதல் பிள்ளையார் கோயில் வரை ஒரு கூட்டம், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம். சண்டை பெரும்பாலும் அந்த எல்லைக் கோட்டில்தான் வரும். ஆகவே நாயில்லாமல் நீங்களும் வாக்கரும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கே எத்தனை படுத்திருக்கிறது, எந்த வீட்டம்மா சோறு வைக்கிறார், எத்தனை மணிக்கு வைக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சோறு வைக்கும் நேரத்தில் அந்த வழியே போகாதீர்கள். அந்த அம்மாவிடம் பேசிப் பழகிக்கொள்ளுங்கள்; அவர் ஒரு குரல் கொடுத்தால் கூட்டமே உட்காரும், நம் குச்சிக்கு அந்தச் சக்தி கிடையாது. காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்த நாய் என்று அர்த்தம், அப்போதே ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள்.

தினமும் அதே பாதையில், அதே நேரத்தில் போனால் தெருநாய்களும் பழகிவிடும்.

அப்படியும் வந்துவிட்டால் ஓடக் கூடாது. உங்கள் நாயை உடம்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவற்றுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் குட்டையாகப் பிடியுங்கள். கண்ணுக்குள் முறைக்காமல், கனமான குரலில் ஒரே ஒரு 'போ'. பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகருங்கள். சின்ன நாயை அவசரத்தில் தூக்கினால் கீழே இருக்கிற நாய்கள் எட்டிக் குதிக்கும், கடி உங்கள் கையில் விழும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மதில் பக்கம் முதுகைக் கொடுத்துக்கொண்டு தூக்குங்கள், இல்லாவிட்டால் நின்றிருக்கும் கார் மேல் ஏற்றிவிடுங்கள். கையில் ஒரு குடை இருக்கட்டும். பட்டன் குடையை அவற்றின் முன்னால் பட்டென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கும். உங்கள் நாயும் அதன் பின்னால் மறையும், யாருக்கும் அடியும் இல்லை. கல் எறிய வேண்டாம், இன்று கல் வாங்கிய நாய் நாளைக்கு உங்கள் வாடையை ஞாபகம் வைத்திருக்கும்.

ஐப்பசியிலிருந்து தை வரை குட்டி போட்ட தாய்கள் நின்றிருக்கிற கார்களுக்கு அடியில் இருக்கும். அந்த மாதங்களில் கார் ஓரமாக நடக்காமல் தெருவின் மறுபக்கம் போகச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

மனிதர்களைக் கடித்திருந்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ரேபிஸ் ஊசி இலவசம். அங்கே வழக்கமாகத் தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள் (0 என்பது முதல் ஊசி போடுகிற நாள்). ரத்தம் வந்த காயம் என்றால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும், அதாவது ரேபிஸை உடனே எதிர்க்கிற தயார் நிலை மருந்தும், போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாயைத் தெருநாய் கடித்திருந்தால், தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி ஊசி தேவைப்படும். இரவில் வழி தெரியாமல் நின்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வெயில் காலத்தில் எத்தனை மணிக்கு?

காலை ஆறு ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் சாயங்காலம் சூரியன் இறங்கியும் தார் ரோடு சூடு விடாது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் நடையைப் பாதியாகக் குறைக்கலாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாகத் தொங்கி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் வேண்டாம்.

மழைக்காலத்தில்?

தெருமுனையில் இருக்கிற ஈபி பெட்டிதான் எனக்கு முதல் பயம். ஆண் நாய் அதன் மேல்தான் காலைத் தூக்கும். ஈரத் தரை, செருப்பில்லாத நான்கு கால்கள், பெட்டியில் கசிவு இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மழை நாட்களில் மின்கம்பம், ஈபி பெட்டி எதற்கும் பக்கத்தில் விடக்கூடாது என்று வாக்கரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாய் திடீரென்று அலறி விழுந்தால் ஈரக் கயிற்றையும் நாயையும் தொடாமல் முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்ய வேண்டும், எண் 94987 94987. கதவு திறந்து கிடக்கிற பெட்டியைப் பார்த்தால் அதே எண்ணுக்கு அன்றைக்கே புகார் சொல்லுங்கள், நாய்க்கு மட்டுமா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும்தான்.

தேங்கின தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிச் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும். புல் முளைத்த காலி மனைகளில் பாம்பு இருக்கும், உண்ணியும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.

தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களே?

பல நேரம் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதிகாலையில் எழுந்து தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனவர், வெளியே வந்து பார்த்தால் அதன் மேல் நாய் சிறுநீர் கழித்திருக்கிறது. யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வாசலை விட்டுத் தள்ளி நடத்துங்கள். மலத்தைப் பழைய நியூஸ் பேப்பரிலோ பையிலோ அள்ளி வந்து வீட்டுக் கழிப்பறையில் கொட்டுங்கள், மழைநீர் வடிகாலில் தள்ளக் கூடாது. லிஃப்டில் பயப்படுகிறவர் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களை வாக்கரும் செய்ய வேண்டும் என்றால் பை, பேப்பர், கையுறையை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வாக்கர் நாயை நன்றாக நடத்துகிறாரா என்று எப்படித் தெரியும்?

நாயே சொல்லிவிடும். அவர் பைக் சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடுகிறதா, கட்டிலுக்கு அடியில் போகிறதா? திரும்பி வரும்போது பாதம், நகம், கழுத்து ரோமம் பாருங்கள். கழுத்தில் சிவந்த தடம் இருந்தால் இழுத்திருக்கிறார். நகம் தேய்ந்து ரத்தம் தெரிந்தால் ஓடவிட்டிருக்கிறார். வந்ததும் ஒரு பாத்திரம் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தால் பாதை அல்லது நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அவ்வப்போது தெருமுனையில் தற்செயலாக எதிர்ப்படுங்கள். போன் பார்த்துக்கொண்டே நடக்கிறாரா என்பது அப்போது தெரியும். பிரியாணிக் கடை வாசலில் கிடக்கிற கோழி எலும்பை நாய் கவ்வுவது அந்தப் போன் நேரத்தில்தான்.

நாய் உருவிக்கொண்டு ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். பெயர் சொல்லிக்கொண்டே எதிர்த் திசையில் நடங்கள் அல்லது தரையில் உட்காருங்கள், பல நாய்கள் திரும்பி வரும். கண்ணைவிட்டு மறைந்துவிட்டால் வாக்கர் உடனே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து ஒரு மணி நேரம் தானே தேடிக்கொண்டிருப்பதுதான் பெரிய இழப்பு, அதனால் 'தொலைந்தால் திட்ட மாட்டேன், முதலில் போன் போடு' என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லிவையுங்கள். பால்காரர், பேப்பர் போடுகிறவர், குப்பை வண்டி ஓட்டுகிறவர், ஆட்டோ ஸ்டாண்ட், இவர்களிடம் முதலில் படத்தைக் காட்டுங்கள். தெருக்களை விடியற்காலையிலிருந்து பார்க்கிறவர்கள் அவர்கள்தான். மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைப் பக்கத்து கிளினிக்குகளுக்கு அனுப்பிவையுங்கள். சிப் ஸ்கேன் செய்ய மெஷின் வேண்டும், தெருவில் நாயைப் பார்க்கிறவரிடம் அது இருக்காது, ஆகவே பட்டையில் உங்கள் போன் எண் பொறித்த தகடும் தொங்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் இப்படித் தொலைகிற நாய்கள் அதிகம். அந்த வாரம் பட்டையில் ஒன்று, ஹார்னஸில் ஒன்று என்று இரண்டு கயிறு போடுங்கள், இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடச் சொல்லுங்கள்.